குண்டான ஆளை எமன் தூக்க மாட்டான்

குண்டான ஆளை எமனால் தூக்க முடியாது என்று நான் மனதார நம்பியிருந்தேன். 1974-ல், பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவனாக இருந்தபோது, இந்த நம்பிக்கையால் என் மனைவியை ஏறக்குறையப் படுத்த படுக்கையாக்கிவிட்டேன்.

அவளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. மதுரையில் ஆபரேஷன் செய்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் கதிர் சிகிச்சை, எங்கள் பேச்சில் கரண்டு வைப்பது, தொடங்க வேண்டும். அதற்குள் உடம்பைத் தேற்றிக் கூட்டி வாருங்கள் என்றார்கள். நாளெல்லாம் தராசு முள்ளையே பார்க்கிறவனுக்குத் தேறுவது என்றால் எடை ஏறுவதுதானே?

நெய்யாக ஊற்றினேன். அவள் குடத்தைத் தொட்டால் பிடுங்கினேன். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலைத் தாண்டினால் புலி வந்ததுபோல் கத்தினேன். ஞாயிறுதோறும் டிராக்டரில் ஏற்றி பேக்டரிக்குக் கொண்டுபோய், தேயிலைப் பெட்டி நிறுக்கும் மேடைத் தராசில் நிறுத்துவேன். முள் ஏற ஏற எனக்குத் தலைகால் புரியாது.

"அப்படியே பெட்டியில வச்சு ஆணியடிச்சு அனுப்பிருவீக போலிருக்கே" என்பாள்.

சொன்ன நாளில் போடிமெட்டு வழியாக மதுரைக்கு இறங்கினோம். பாராட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். டாக்டரம்மா அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, "கையை ஊன்றாம எந்திரிம்மா" என்றார்.

முன்னால் சாய்ந்தாள். எழ முடியவில்லை. மறுபடியும் முயன்றாள். தொடை நடுங்கியது, முகம் வெளுத்தது. நான் தூக்கப் போனேன்; டாக்டரம்மா கண்ணாலேயே என்னை நிறுத்தினார். பிறகு அவள் கையையும் காலையும் பிடித்துப் பார்த்தார்.

"ஏறினது கொழுப்பு, கரைஞ்சது சதை. இந்தத் தெம்போட கரண்டு வச்சா பாதியில நிறுத்த வேண்டி வரலாம். நிறுத்தினா நோய்க்குத்தான் லாபம். மூணு வாரம் நடக்கட்டும், வீட்டு வேலை செய்யட்டும். முட்டை, பயறு, மீன் கொடுங்க. அதுக்கு மேல தள்ளிப்போட முடியாது." என் தொந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நெய்யை நீங்களும் தொடாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "மழை நாள்ல கொழுந்துக்கு ஈரம் கழிக்கத் தெரியுது. எனக்குக் கழிக்கத் தெரியலையாக்கும்."

நனைந்த கொழுந்தில் தண்ணீரின் எடையைக் கழிப்பது என் அன்றாட வேலை.

அன்று முதல் அடுத்த பைத்தியம் பிடித்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் அவள் நடப்பாள்; தள்ளாடினால் உட்கார வைக்க, முக்காலியைத் தலையில் சுமந்துகொண்டு நான் பின்னால். கொழுந்தெடுக்கும் பெண்கள் விடுவார்களா?

"அண்ணன் யாரு வீட்டுக்குச் சீர் கொண்டு போறாக?"

பாதி மேட்டில் மூச்சு வாங்கி முக்காலியில் உட்கார்ந்தது நான்தான். ஒரு நாள் அவளுக்கு முழங்கால் மடங்கி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அன்று நான் அடித்த ஜோக் எதற்கும் எனக்கே சிரிப்பு வரவில்லை. கெடுவில் பாதி முடிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடி அதே அறை. அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். பார்க்கத் தைரியமில்லாமல் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஸ்டூல் கிறீச்சிட்டது. விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் நின்றுகொண்டிருந்தாள்.

கரண்டு சிகிச்சை தடையில்லாமல் முடிந்தது. நடந்ததால்தான் பிழைத்தாள் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். அவள் எழுந்து நின்றாள், சிகிச்சையைத் தாங்கினாள், இந்த ஐந்து வருஷமாக நோய் திரும்பவில்லை.