காலண்டரில் கிடைத்த பெயர்

என் மாமியாருக்கும் எனக்கும் ஒரே பெயர். கல்யாணப் பேச்சு நடந்தபோதே இது இரண்டு வீட்டாருக்கும் தெரியும். ஜாதகம் பார்த்தார்கள், நகை பேசினார்கள், ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா என்பதுவரை விசாரித்தார்கள். பெயரை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அறுபதுகளின் கடைசி அது. பெண்ணின் பெயர், தாலி ஏறிய பிறகு சாவகாசமாகச் சரிசெய்துகொள்ளக்கூடிய காரியங்களில் ஒன்றாக இருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பெற்ற தாயின் பெயரை மகன் வாயால் சொல்ல மாட்டான். மாமியார், மாமனார் பெயரை மருமகள் சொல்ல மாட்டாள். தாயின் பெயரிலேயே பெண்டாட்டி வந்து வாய்த்தால் அவளை எப்படிக் கூப்பிடுவது, கோபம் வந்தால் எப்படித் திட்டுவது? அதனால் வந்தவளுக்குப் பெயரை மாற்றிவிடுவார்கள். மாமியார் பெயரை மாற்றினால் என்ன என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

போடி கடைவீதியில் இருந்தது அந்த வீடு. முன்பக்கம் ஏலக்காய்க் கடை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஏலக்காய் பொறுக்கும் முற்றம். நான் உள்ளே போன அன்று சாயங்காலம் பாலும் பழமும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். பெயர்ப் பேச்சு வந்தது. என் கணவரின் அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். சுவரில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர் தொங்கியது. அதில் ஓர் அம்மன் படம். அந்த அம்மன் பெயரை வைத்தார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போனது, அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் அதே கடை போட்ட காலண்டரில் முருகன் படம் வந்தது. ஒரு வருஷம் முந்தி வந்ததால் தப்பித்தேன் என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பும் கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது.

மறுவீட்டுக்கு ஓடைப்பட்டி போகும்போது, பஸ்ஸில் என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மா காலம் வரைக்கும் பொறுத்துக்க. அதுக்குப் பெறகு உன் பேரச் சொல்லியே கூப்புடுறேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புதுப் பெண்ணுக்கு எதற்குத்தான் சந்தோஷம் வராது. சின்னமனூர் தாண்டிய பிறகுதான் நான் எதற்காகக் காத்திருக்கச் சொல்லப்பட்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

அப்பாவிடம் பெயர் மாறிய கதையைச் சொன்னேன். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. என் பெயர் அவரைப் பெற்றவளின் பெயர். அதனால் அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பிறந்ததிலிருந்து ஆத்தாதான். அம்மாவுக்கோ அது மாமியார் பெயர். அவள் "ஏ பிள்ள" என்பாள். யோசித்துப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும் டீச்சரும் கூடப் படித்த பிள்ளைகளும்தான் அந்தப் பெயரை உபயோகித்தவர்கள். பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடம் நின்றது, பெயரும் நின்றது. இல்லாத சொத்துக்காகவா நான் சண்டை பிடிக்கிறேன் என்று அன்றைக்கு வந்த எரிச்சல், ரொம்ப வருஷம் என்னோடு இருந்தது.

போடியில் காலண்டர் பெயர் என்னை விரட்டியது. விடிந்ததும் மாமியார் அந்தப் பெயரைச் சொல்லி வாசல் தெளித்தாயிற்றா என்பார். ஏலக்காய் பொறுக்க வரும் பெண்கள் அந்தப் பெயரோடு அக்கா சேர்த்துத் தண்ணீர் கேட்பார்கள். கடையிலிருந்து கணவர் அதே பெயரைச் சொல்லிக் காபி கேட்பார். பருத்த காயை ஒரு பக்கமும் வெடித்த காயை ஒரு பக்கமும் பிரித்துப் போட்டபடியே எல்லாவற்றுக்கும் "இந்தா வாரேன்" என்பேன். முதல் கொஞ்ச நாள் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்து திட்டு வாங்கினேன். பிறகு பழகிவிட்டது. பழகிப்போனதுதான் எனக்கு அதைவிட வருத்தம்.

மாமியார் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். எனக்குப் பிரசவமானபோது சுக்கும் பூண்டும் அவர் கையாலேயே அரைத்துக் கொடுத்தார். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குப் பயம் வரும். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இல்லை, ஆகட்டும் என்று நான் நினைத்துவிடுவேனோ என்ற பயம். அதனால் கஷாயத்தை இரண்டு மடங்கு அக்கறையோடு காய்ச்சுவேன். ஊரில் எனக்கு நல்ல மருமகள் என்று பெயர். அது ஒரு மூன்றாவது பெயர், அதையும் சுமந்தேன்.

மற்ற வீடுகளில் எப்படி என்று பார்க்கும் புத்தி எனக்கு இப்படித்தான் வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் கிறிஸ்தவர்கள். அந்த வீட்டு அம்மாவுக்குக் கோயிலில் ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்ன பெயர் ஒன்று, வீட்டில் ஒன்று. ஆனால் வீட்டுக்காரர் கூப்பிடுவதென்னவோ "இந்தா" என்றுதான். கம்பத்தில் என் கணவரோடு வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. பெருநாளுக்குப் போவோம். அந்த வீட்டில் பாட்டனார் பெயர் பேரன்கள் எல்லோருக்கும் இருந்தது. பெரியவர், சின்னவர், அரிசிக்கடைக்காரர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். வீட்டு அம்மா தன் மகனைத் தங்கம் என்று கூப்பிட்டார். மாமனார் பேரு, நான் எப்படிச் சொல்லுவேன் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமிக்குச் சாமி, பாஷைக்குப் பாஷை பெயர் வைக்கிற விதம் மாறுகிறது, வைத்த பெயரைப் பூட்டி வைப்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று தோன்றியது. பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே ஒருநாள் மட்டும் என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்தது. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் கணக்கு பார்த்த மலையாளத்துக்காரர் வீட்டுக்கு என் கணவர் என்னையும் ஜீப்பில் கூட்டிப்போனார். அந்த வீட்டுப் பெண் என்னைவிடச் சின்னவள், வாய் ஓயாமல் பேசினாள். அவள் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் வருவது அவர்கள் பரம்பரை வீட்டின் பெயராம். அந்த வீட்டை விற்று எத்தனையோ காலமாகிவிட்டதாம், ஆனாலும் பெயரிலிருந்து போகாதாம். விற்ற வீட்டைக்கூட ஆண்பிள்ளைகள் பெயரில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, சேச்சியின் பெயர் என்ன என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. என் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அன்று மத்தியானம் முழுக்க அவள் அந்தப் பெயரோடு சேச்சி சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவித்த நேந்திரம்பழம் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு தடவை, குளிருகிறதா என்று ஒரு தடவை, காப்பிச் செடி பூத்திருப்பதைப் பார்க்கக் கொல்லைக்கு வரச்சொல்லி ஒரு தடவை. எனக்குக் காது குளிர்ந்தது. என் கணவர் மட்டும் அவள் கூப்பிடும்போதெல்லாம் திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பினார். கிளாஸைக் கீழே வைத்தார், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். இறங்கி வரும்போது ஜீப்பில், அங்கன எதுக்கு அந்தப் பேரச் சொன்ன என்று கேட்டார். எம் பேரு அதுதான என்றேன்.

மகள் பிறந்தபோது ஒரு பெரிய பயம் வந்தது. வழக்கப்படி அப்பாவைப் பெற்றவள் பெயர்தான் அவளுக்கு. அப்படி வைத்தால் ஒரே வீட்டில் மூன்று பேருக்கு ஒரே பெயர், மூன்றையும் கூப்பிட ஆளில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசுவது என்று தீர்மானித்து, என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. பிள்ளை காதில் பெயர் சொல்ல நாத்தனார் குனிந்தபோது மாமியார் தடுத்தார்.

"எம் பேரு வேணாம். வச்சா யாரு கூப்புடப் போறா? வேற ஏதாச்சும் வைங்க."

கூடியிருந்தவர்கள் அது பெரியமனுஷித்தனம் என்று மெச்சினார்கள். நான் தப்பித்த சந்தோஷத்தில் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டேன். மகளுக்கு எல்லோரும் கூப்பிடக்கூடிய ஒரு பெயர் வைத்தோம். கடைத்தெருவே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

எண்பதுகளின் நடுவில் மாமியாருக்கு நெஞ்சில் நீர் கட்டியது. தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்தான் கூட இருந்தேன். டாக்டரைப் பார்க்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு நர்ஸ் பிள்ளை கதவைத் திறந்து அந்தப் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டது. நான் எழுந்து நின்றேன். காலண்டர் பெயருக்குப் பழகிய உடம்பு எப்படி எழுந்தது என்று தெரியவில்லை. மாமியாரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நம்ம ரெண்டு பேர்ல யாரக் கூப்புடுறா?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பெயர் எனக்கும் உரியது என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் வந்து படுக்க வைத்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டே பேசினார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் கடைசி ஆள், வருசநாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்காதானாம். அந்த அக்கா செத்த பிறகு இந்த நர்ஸ் பிள்ளைதான் கூப்பிட்டிருக்கிறதாம்.

"சாயங்காலமும் அவளே வருவாளா?" என்று கேட்டார். வருவாள் என்றேன். விசாரிக்காமலேதான் சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு களைப்பு வந்தது, அது இன்னும் தீரவில்லை. அத்தனை வருஷம் அவர் என் பெயரைப் பறித்து அனுபவிப்பதாக நினைத்து அவர் மேல் கசந்திருந்தேன். பார்த்தால் அவரிடமும் அது இல்லை. என்னையாவது வீடு முழுக்கக் காலையிலிருந்து ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவர் சிலருக்கு அம்மா, சிலருக்கு அத்தை, கடைத்தெருவுக்கு ஏலக்காய்க் கடைக்காரம்மா. அவரிடம் உட்கார்ந்து இதைப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவருக்குக் கால் பிடித்துவிட்டேன், அவர் தூங்கிவிட்டார்.

அந்த மாசமே போய்ச் சேர்ந்தார். என் கணவர் அழவில்லை. வந்தவர்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார், பாடைக்கு மூங்கில் போதுமா என்று பார்த்தார், சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கணக்குப்பிள்ளையோடு பேசினார். இரும்பு மனுஷன் என்றார்கள்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் பஸ் ஏறினார்கள். மறுநாள் மத்தியானம் நான் முற்றத்தில் ஏலக்காயைச் சலித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. கடைப் பக்கத்துக் கதவருகே என் கணவர் வந்து நின்றார். பஸ்ஸில் சொன்னதை நான் மறக்கவில்லை, அவரும் மறந்திருக்கவில்லை. சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு, யாரோ பெரிய மனிதர் முன்னால் நிற்கிறவர் போல நின்று, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தக் குரலில் அந்தப் பெயரை நான் எத்தனை தடவை கற்பனை செய்திருப்பேன். ஏன், என்ன என்று கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு திரும்ப வேண்டும் என்றுகூட எண்ணி வைத்திருந்தேன். நான் திரும்பியபோது அவர் முகம் கோணிப்போயிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, மாமியார் வழக்கமாக உட்காரும் தூணடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். மகன் தன் தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான், வர ஆளில்லை.

நான் சல்லடையைக் கீழே வைத்தேன். கையில் ஏலக்காய் வாசனை. பக்கத்தில் போய் நின்றேன். அவர் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. என்னுடையதும்தான். எனக்கும் அழுகை வந்தது. அவருக்காகவா, அத்தைக்காகவா, எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அது அத்தைக்கே இருக்கட்டும். நீங்க காலண்டர் பேரையே சொல்லிக் கூப்புடுங்க" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு காலண்டர் பெயரைச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.