பிரஸ் பட்டன் வைத்த இரண்டு சட்டைகள்

என் கணவரின் கைபேசிக்குத் தையற்கடையிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் போனை அணைக்க மனமில்லாமல் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். "சார், ரெண்டு சட்டையும் ரெடி. போன மாசமே வர்றேன்னீங்க, ஆளயே காணோம்" என்றார் டைலர். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நானே போய் வாங்கி வந்தேன். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் திகைப்பு. என் கணவர் ஆறடி உயரம். இவை குள்ளமான, ஒல்லியான ஒருவருடைய சட்டைகள். இரண்டிலுமே வலது கை இடதைவிட நான்கு விரற்கடை குட்டை. பட்டன் இருக்க வேண்டிய இடத்தில், குழந்தைகளின் உடுப்பில் வைப்பதுபோல, பிரஸ் பட்டன்கள்.

மூன்று நாள் அவற்றைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு நான் நினைக்காததெல்லாம் நினைத்தேன். இருபத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதர், எனக்குத் தெரியாமல் யாருக்கோ அளவெடுத்துச் சட்டை தைத்திருக்கிறார். இன்னொரு குடும்பம் இருந்ததோ என்றுகூட மனம் போயிற்று. செத்தவரிடம் சண்டை போடவும் முடியாது. நான்காம் நாள் வேலூரில் இருந்த அவருடைய அக்காவுக்குப் போன் செய்தேன். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் வரும் துப்பறியும் நாவல்களை ஒன்று விடாமல் படித்து, பாதியிலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்த்து மகிழ்பவர். தம்பி இறந்தபோது காரியம் முடியும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு இலை போதுமா, பால் வந்ததா என்றே ஓடிக்கொண்டிருந்தார். அது என்னை உறுத்தியிருந்தது. ஆனாலும் பெங்களூரில் இருக்கும் மகளிடம் இதைச் சொல்ல முடியாது; அன்று கூப்பிட எனக்கு வேறு ஆள் இல்லை.

மதியத்துக்குள் வந்துவிட்டார். சட்டைகளை மேசைமேல் விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதினார். "இந்தாளுக்கு வலது கை நீட்ட வராது. ஒத்தக் கையால பட்டன் போட முடியாதவரு. பொம்பள விவகாரம் இல்ல, நீ மொதல்ல சாப்பிடு" என்றார். அந்த மாதத்தில் நான் பசியோடு சாப்பிட்டது அன்றுதான்.

மறுநாள் இருவரும் டைலரிடம் போனோம். இறந்த செய்தி கேட்டு அவர் மெஷினை நிறுத்திவிட்டார். "வருஷா வருஷம் பொங்கலுக்கு ரெண்டு சட்டைங்க. யாருக்குன்னு நான் கேட்டதில்ல" என்று சொல்லி, அளவுக்காகக் கொடுத்திருந்த பழைய சட்டையை எடுத்து வந்தார். அண்ணி அதன் பையில் கையை விட்டுத் துழாவினார். துவைத்துத் துவைத்துக் கூழாகிப் போன ரோஸ் நிறக் காகிதத் துணுக்குகள் வந்தன. ஒன்றில் மட்டும் பாதி எண் தெரிந்தது. "டோக்கன்! வண்டி ஸ்டாண்டு டோக்கன்! ஆளு அங்கதான் வேல பாக்கறாரு!" என்று அவர் கத்திய கத்தலில் துணி கொடுக்க வந்த பெண் ஒருத்தி பயந்துபோனாள்.

ஆட்டோ பிடித்து ஊரிலுள்ள ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதல் ஸ்டாண்டில் அண்ணி ரகசியமாக விசாரிப்பதாக நினைத்து, "இங்க வண்டி விட முடியுமாப்பா?" என்றார். "வண்டி எங்கம்மா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "இனிமேதான் வாங்கணும்" என்றார் அண்ணி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். வெளியே வந்து நான் சிரித்தேன். சிரித்ததும் குற்றமாக இருந்தது. அண்ணி என் முழங்கையைப் பிடித்து, "சிரி. அவன் இருந்திருந்தா உருண்டு உருண்டு சிரிச்சிருப்பான்" என்றார்.

மூன்றாவது ஸ்டாண்டு பஸ் நிலையத்தின் பின்புறச் சந்தில் இருந்தது. தகரக் கூரையின் கீழ், மடங்கிய வலது கையை மார்போடு வைத்தபடி, இடது கையால் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார் ஒரு ஒல்லியான மனிதர். சட்டையில் பிரஸ் பட்டன். அண்ணி ஏதும் நடிக்கவில்லை. பொட்டலத்தை நீட்டி, நாங்கள் யார், தம்பிக்கு என்ன ஆயிற்று என்று சொன்னார். அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். எங்களை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன், தூறல் விழுந்த ஒரு காலையில், செங்கம் சாலையில் என் கணவரின் ஸ்கூட்டர் இவருடைய சைக்கிள்மேல் மோதியிருக்கிறது. முழங்கை நொறுங்கியது, பிறகு நிமிரவே இல்லை. "மொத வருஷம் பொங்கலுக்குச் சட்டை கொண்டாந்தாரு. மூஞ்சிலயே வீசுனேன்மா. மறுவருஷமும் வந்து நின்னாரு. அப்பத்தான் பட்டன் வேணாம், பிரஸ் பட்டன் வெக்கச் சொல்லுன்னேன்" என்றார். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வண்டி விட வந்தவருக்கு ஒரு டோக்கன் கிழித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "போலீஸ் ஸ்டேஷன்ல அவரே போய்ச் சொன்னாரும்மா. வீட்ல மட்டும் சொல்ல முடியாது, அவ தப்ப மன்னிக்கிற ஆளில்லன்னாரு."

ஸ்கூட்டரை என் கணவர் விற்றது எனக்கு நினைவிருந்தது. முதுகுவலி என்றார். அன்றிலிருந்து வேங்கிக்கால் அலுவலகத்துக்கு டவுன் பஸ்ஸில்தான் போய் வந்தார். ஒரு முதுகுவலிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நான் எத்தனை முறை குத்திக்காட்டியிருப்பேன்! என் வீட்டில் தப்பு என்றால் தப்புதான். பால் பொங்கினாலும், மார்க் குறைந்தாலும், யார் செய்தது என்று தெரியாமல் விடமாட்டேன். அதை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். காவல் நிலையத்தில் சொல்ல முடிந்த ஒன்றை என்னிடம் சொல்ல முடியவில்லை என்றால், அந்த மனிதர் வீட்டுக்குள் எப்படி நுழைந்திருப்பார் ஒவ்வொரு மாலையும்?

திரும்பும் வழியில் பழச்சாறு கடை வாசலில் அண்ணி நின்றுவிட்டார். உடம்பு முடியவில்லையோ என்று திரும்பிப் பார்த்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "கண்டுபிடிச்சிருக்கக் கூடாதும்மா. தேடுற வரைக்கும் அவன் எங்கயோ இருக்கற மாதிரியே இருந்துச்சு. இனிமே அவனப் பத்தித் தெரிஞ்சிக்க ஒண்ணும் பாக்கி இல்லயே" என்றார். எதிரே எங்கள் ஊர் மலை வெயிலில் பளிச்சென்று நின்றது. நான் அவர் தோளில் கை வைத்துக்கொண்டேன்.

அண்ணி அன்று ஊருக்குப் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து என் மகள் கூப்பிட்டாள். "அம்மா, ஒண்ணு சொல்லணும். திட்ட மாட்டியே?" என்றாள். வேலையை விட்டு நாலு மாதமாகிறதாம். அப்பாவின் காரியத்துக்கு வந்தபோதும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவே நடித்திருக்கிறாள். வழக்கமான கேள்விகள் அத்தனையும் என் தொண்டை வரை வந்தன. அண்ணி தலை நிமிராமல் உரித்துக்கொண்டே இருந்தார். "சொல்லும்மா, கேட்டுட்டிருக்கேன்" என்றேன். அவள் ஒரு மணி நேரம் பேசினாள். இடையில் இரண்டு முறை அழுதாள். நான் 'ம்' கொட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. போனை வைத்ததும், அண்ணி தன் பங்குப் பட்டாணியில் பாதியை என் பக்கம் தள்ளி, "நேரமாச்சு, உரி" என்றார்.

போன ஆடியில் அண்ணியும் போய்விட்டார். மகளுக்கு வேறு வேலை கிடைத்து, அதிலும் ஆயிரம் தொல்லை. இப்போதெல்லாம் கெட்ட செய்தி எதுவானாலும் அவள் முதலில் எனக்குத்தான் போன் செய்கிறாள்.