ஹெலிகாப்டருக்கும் டாங்கிக்கும் நடுவே

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைக்காரர் மடிக்கணினியில் ஏதோ எண்களை மாற்றிக்கொண்டே வந்தார். ஒல்லியான ஆள், தூக்கம் காணாத கண்கள். ஒவ்வோர் எண்ணையும் மாற்றிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிப் பழையபடியே வைத்துவிடுவார்.

என்னவென்று கேட்டேன். டாங்கிகளும் ஹெலிகாப்டர்களும் மோதும் வீடியோ கேமில் இரு பக்கமும் சமமாக இருக்கும்படி பார்ப்பது அவர் வேலையாம்.

"ஹெலிகாப்டர் தூரத்துல நின்னே ஏவுகணை விட்டா டாங்கிக்காரன் எங்களப் போட்டு ஏசுதான். ஏவுகணையக் குறைச்சா ஹெலிகாப்டர்காரன் ஏசுதான், அண்ணாச்சி."

"நடுவுல ஒரு அளவு இருக்கும்லா?"

"அதத் தேடித்தான் இத்தன வருசம் போச்சு. போன வாரம் வேலைய விட்டு அனுப்பிட்டாங்க."

"பொறவு இப்ப எதுக்குப் பாக்கீங்க?"

அவர் இன்னோர் எண்ணை மாற்றினார். ஆறுமுகநேரிக்கு டிக்கெட் எடுத்திருந்தவர், ஊர் போனது தெரியாமல் திருச்செந்தூர் வரை வந்துவிட்டார். இறங்கியதும் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் மடிக்கணினியைத் திறந்தார். வேலை போனதை வீட்டில் சொல்லிவிட்டாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.