காது சோதனைக்கு மச்சான் வந்த கதை

எருக்கலம்பிட்டியில் அப்துல் ஹமீட் பேசினால் பக்கத்து ஊரான தாராபுரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். சங்கு குளித்தே காது போன மனிதர். தொண்ணூறில் ஊரோடு இடம்பெயர்ந்து புத்தளத்து முகாமில் இருந்தபோது, "புள்ள, உம்மா நகையை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறா?" என்று மகளிடம் இரகசியம் கேட்பார். நாற்பது கொட்டில்களும் பதிலுக்குக் காத்திருக்கும்.

கையையும் காலையும் ஆட்டியே வாப்பாவோடு பேசி வளர்ந்த அந்த மகள்தான் கலாநிதி பரீனா. பல்கலைக்கழகம் போய், உட்காதை ஆராய்வதையே தொழிலாக்கிக்கொண்டார்.

"வாப்பா, எல்லார்ட காதுக்குள்ளயும் சங்கு மாதிரிச் சுருண்ட ஒண்டு கிடக்கு!" என்று ஒருநாள் கத்திச் சொன்னார்.

"எத்தினை இஞ்ச் சங்கு?" என்றார் ஹமீட்.

ஊர் திரும்பி மீளக் குடியேறிய பிறகு, 2013இல், பரீனா காது கேட்பதை அளக்கும் ஒரு மெஷினோடு வந்து இறங்கினார். ஆழத்து அழுத்தம் சங்கு குளிப்பவர்களின் உட்காதை எப்படிக் கெடுக்கிறது என்பது ஆராய்ச்சி. நாற்பது பேரைச் சோதிக்க வேண்டும். மெஷின் இரவல். வெள்ளிக்கிழமை கொழும்புக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அளவுகள் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள்.

பள்ளிக்கூட நூலக அறையில் மெத்தை அடித்த பலகைப் பெட்டி ஒன்று வைத்தார். ஆள் உள்ளே இருந்து ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டால் பட்டனை அமத்த வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு நாளில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் பச்சைப்பிள்ளையின் காது! பரீனா அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இதை எழுதினால், முப்பது வருடம் கடலுக்குள் குளித்தால் காது நன்றாகும் என்றல்லவா எழுத வேண்டும்?

புதன்கிழமை வஸீரின் முறை.

"வஸீர் நானா! வாங்கோ!"

பரீனா மூன்று தடவை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டும் வஸீர் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் ஷிராஸ் கிள்ளியபிறகுதான் திரும்பினார். ஆனால் பெட்டிக்குள் போனதும் ஒரு சத்தத்தைக்கூடத் தவறவிடவில்லை.

பரீனா மெதுவாக ஹெட்போன் வயரைக் கழற்றினார். பிறகு மெஷினில் சத்தம் அனுப்பும் பட்டனை அமத்தினார். சத்தம் போகிறதென்று காட்டும் சின்னச் சிவப்பு லைட் எரிந்தது. உள்ளே வஸீர் டக்கென்று பட்டனை அமத்தினார்.

"நானா, இப்ப கேட்டதா?"

"குயில் மாதிரிக் கேட்டது, டொக்டர்!"

"வயர் என்ட கையில கிடக்கு."

பரீனா திரும்பிப் பார்த்தார். பின்னால் கதிரையில் ஷிராஸ். கையில் ஒரு மெல்லிய நைலோன் கயிறு. அது பெட்டியின் அடிப்பக்க ஓட்டைக்குள்ளால் போய் வஸீரின் கால் பெருவிரலில் முடிந்திருந்தது. லைட் எரியும்போதெல்லாம் ஒரு இழுப்பு.

"பதினஞ்சு வருசமா மச்சான் கீழ இறங்கினா மேல கயிறு பிடிக்கிறது நான்தான்," என்றார் ஷிராஸ், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "பெட்டிக்குள்ள இறங்கினா மட்டும் விட்டுட்டுப் போறதா?"

"அந்தப் பன்னிரண்டு பேருக்கும்?"

"அவங்களுக்கும் மச்சான்மார் இருக்கிறாங்கதானே!"

விசயம் மெல்ல வெளியே வந்தது. காது சரியில்லாவிட்டால் பேப்பர் மீன்பிடித் திணைக்களக் கந்தோருக்குப் போகும், கடலுக்கிறங்கும் பாஸை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ கதை கட்டிவிட்டிருந்தார்கள். பரீனா ஃபைலைத் திறந்து காட்டினார். பெயரே இல்லை, இலக்கம் மட்டும்.

"இது கந்தோருக்குப் போகாது. ஆனா நீங்க பொய்யா அமத்தினா, கடல் காதுக்கு ஒண்டும் செய்யாதெண்டு நான் எழுத வேண்டி வரும். வாப்பாட முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

வஸீர் குனிந்து விரலை அவிழ்த்தார். "மச்சான், நீ வெளிய போ."

பரீனா வயரைத் திரும்ப மாட்டினார். ஷிராஸ் வாசலில் நின்று நகம் கடித்தார். கயிறு இல்லாமல் மச்சான் இறங்கியது இதுதான் முதல் தடவை. இடது காதுக்குப் பட்டன் அங்குமிங்குமாக அமத்தப்பட்டது. வலது காதுக்கு ஒன்றுமேயில்லை. பரீனா சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். ஒன்றுமேயில்லை.

"மாஷா அல்லாஹ்!" என்று பரீனா துள்ளிவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

வஸீர் கதவைத் திறந்தார். "செவிடெண்டதுக்குச் சந்தோசப்பட்ட முதல் ஆள் நீங்கதான், தங்கச்சி. இலக்கம் மட்டும்தானே? பொஞ்சாதிக்குத் தெரியக்கூடாது. வலப்பக்கமா நிண்டுதான் அவ ஏசுறவ. அஞ்சு வருசமா நிம்மதியா இருக்கிறன்."

விசயம் பரவ, அந்தப் பன்னிரண்டு பேரும் திரும்ப வந்தார்கள், மற்றவர்களும் வந்தார்கள், தனியாக. வெள்ளி ஜும்ஆவுக்கு முன் முப்பத்தெட்டுப் பேரை அளந்தாகிவிட்டது. இரண்டு பேர் கடலில். அது போதும் என்றது கொழும்பு. ஆராய்ச்சி பிழைத்தது.

அடுத்த வருடம் கட்டுரை வெளிவந்தது. செய்முறைப் பகுதியில் ஒரு வரி உண்டு: 'சோதனையின்போது மச்சான்மார் எவரும் அறைக்குள் அனுமதிக்கப்படவில்லை.'