மாட்டேன் என்று சொன்ன பிள்ளை

பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியர்களுக்கு அமைதிக் கல்விப் பயிற்சி கொடுப்பதுதான் பதினோரு வருடம் என் வேலையாக இருந்தது. இனி இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒரே ஒரு சம்பவத்தை எழுதி வைக்கிறேன்.

மலேசியாவில், ஈப்போ நகரில் இரண்டு நாள் பட்டறை. இருபத்தாறு தமிழ் ஆசிரியர்கள். சண்டை போட்ட இரண்டு மாணவிகளைச் சமாதானம் செய்யும் ரோல் பிளே நடந்தது. கடைசிப் படி, இருவரையும் கை குலுக்க வைப்பது. அந்த இடத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருந்த சுமதி டீச்சர் எழுந்துவிட்டார்.

"அக்கா, இத நான் செய்ய மாட்டேன்."

"நடிப்புதானே டீச்சர், சும்மா செய்ங்க லா," என்றேன்.

"போன வருசம் நெசமாவே செஞ்சேன்க்கா. உங்ககிட்ட படிச்சிட்டுப் போயிதான்."

அவர் நின்றபடியே சொன்னார்.

நான்காம் படிவத்தில் படிக்கும் பதினாறு வயது மாணவி. கவிதா என்று வைத்துக்கொள்வோம். போனில் பரவிய ஒரு படத்தால் அவளுக்கும் வகுப்புத் தோழிக்கும் சண்டை. கை கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறாள். "பெருந்தன்மையா இரும்மா" என்று சுமதி வற்புறுத்தியதும் கொடுத்திருக்கிறாள். 'தீர்ந்தது' என்று ரிப்போர்ட்டில் எழுதியாயிற்று. அன்று பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாப்பில் தோழியின் அண்ணன் கவிதாவை ஹெல்மட்டால் அடித்தான். இடது காது கேட்காமல் போனது.

"அவன் வெளிய நிக்கிறான்னு அவளுக்குத் தெரியும்க்கா. கை குடுத்தா எல்லாம் முடிஞ்சதுன்னு நாம வெளிய அனுப்பிடுவோம்னுதான் மாட்டேன்னா. ஆஸ்பத்திரில அவங்கம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? 'எம்மவ மாட்டேன்னாளாமே டீச்சர், ஏன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?'"

எங்கள் பயிற்சிக் கையேட்டில் கை குலுக்கும் படிக்கு முன்னால் 'விருப்பமிருந்தால்' என்ற சொல் இருக்கிறதே என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்தச் சொல்லை வகுப்பில் ஒருநாளும் நான் நிறுத்தி விளக்கியதில்லை. அதனால் வேறொன்று கேட்டேன்.

"பிள்ளைங்கள இப்படிக் கட்டாயப்படுத்தினவங்க எத்தன பேரு?"

தயங்கித் தயங்கிக் கைகள் உயர்ந்தன. நானும் உயர்த்தினேன். அன்று மீதிப் பாடம் நடக்கவில்லை. கடைசிப் படியை அடித்துவிட்டு, எல்லாரும் உட்கார்ந்து முதல் படியைத் திருத்தி எழுதினோம்.

அடுத்த சனிக்கிழமை சுமதியோடு கவிதா வீட்டுக்குப் போனேன். மூடப்பட்ட ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர்களுக்குக் கொடுத்த அடுக்குமாடி வீடு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பாதியில் அவள் திரும்பினாள்.

"ஆன்ட்டி, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அங்க கேக்காது."

எழுந்து மறுபக்கம் போய் முதலிலிருந்து சொன்னேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.

"மத்த டீச்சருங்ககிட்டயும் சொல்வீங்களா?"

"சொல்றேன்மா."

ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு பயிற்சியிலும் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் பிள்ளைகளைத் தனித்தனியாகப் பாருங்கள். வெளியே போனால் யாரைக் கண்டு பயம் என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். சமாதானம் ஆகிவிட்டது என்று எழுத நமக்குத்தான் அவசரம். பிள்ளைக்கு அன்று பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்.