மொட்டு வைக்காத சாமந்தி

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். பட்டன் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து சொந்தப் பெயரே மறந்துபோகும் நிலை. வேலையில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் மொட்டை மாடியில்தான் இருந்தது.

மாடி நிறையத் தொட்டிகளில் சாமந்தி வைத்திருந்தாள். செடி என்னவோ தளதளவென்று வளர்ந்து நின்றது. மொட்டு மட்டும் மருந்துக்குக்கூட இல்லை. எதிர்வீட்டில் அதே சாமந்தி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. பார்க்கப் பார்க்க இவளுக்கு வயிறு எரிந்தது.

நுனி கிள்ளிவிட்டாள். புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினாள். வெங்காயத் தோலை ஊறவைத்த தண்ணீரையும் விட்டுவைக்கவில்லை. சாமந்தி அத்தனையையும் தின்று ஏப்பம் விட்டுவிட்டு இன்னும் நாலு இலை விட்டது.

கீழ்வீட்டில் இருந்த நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணி, கீரை எப்ப அறுக்கப் போறீங்க? எனக்கும் ஒரு கட்டு எடுத்து வைங்க."

பட்டன் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படியேறுவாள். மாடியை அவளால் விட முடியாது. வீட்டில் இருந்த இரண்டு அறைகளில் ஒன்று டிவிக்கு, மற்றது மாமியாரின் மூட்டுவலிக்கு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள், நிமிஷத்துக்கு ஒரு 'அம்மா'. "செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்" என்றால் மட்டும் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பாதி நாள் அவள் தண்ணீரே ஊற்றுவதில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடையது.

அவள் இருட்டில் தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று பெரிய பல்பு ஒன்றை மாட்டிக் கொடுத்தது புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனுஷன், தங்கமானவர். பொழுது சாய்ந்ததும் மறக்காமல் சுவிட்சைப் போடுவார், படுக்கப் போகும்போதுதான் அணைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிகிறதென்று அதன் பின்பக்கம் போனாள். தேறாது என்று என்றைக்கோ அங்கே தள்ளிவைத்த நோஞ்சான் செடி ஒன்று, உடம்பெல்லாம் மொட்டாக நின்றது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊட்டி வளர்த்ததெல்லாம் முறைத்துக்கொண்டு நிற்க, திரும்பிப் பார்க்காதது பூக்கிறதா?

நாற்று விற்ற நர்சரிக்காரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"மாடியில லைட்டு எரியுதா?"

"எரியுது. ஏன்?"

"அதான் சங்கதி. சாமந்திக்கு நீளமான ராத்திரி வேணும். வெளிச்சம் இருந்துக்கிட்டே இருந்தா இன்னும் பகல்னு நெனச்சு இலையாத்தான் விடும். தண்ணித் தொட்டி மறைவுல இருந்தது தப்பிச்சுது. லைட்டைப் போடாதீங்க, மொட்டு தானா வரும்."

இத்தனை நாள் வெளிச்சம் போட்டே கெடுத்திருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் வீட்டில் அத்தனை பேரிடமும் சொல்லித் தொலைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது மாடிக் கதவு பூட்டியிருந்தது. பல்பு கழற்றப்பட்டு அலமாரியில் இருந்தது. புருஷன் முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளைங்க இருட்டுல ஏறி விழுந்துடக் கூடாதுல்ல, அதான் பூட்டிட்டேன். காலையில தண்ணி நானே ஊத்திடறேன். இனிமே நீ மாடி ஏறவே வேணாம்மா. நிம்மதியா எங்களோட கீழயே இரு."

டிவி அலறியது. மாமியார் தைலம் கேட்டார். சின்னவன் அதற்குள் இரண்டு முறை 'அம்மா' சொல்லிவிட்டான். அவள் தோள் பையைக்கூட இறக்காமல் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"இருட்டுல அங்க என்ன தெரியும்? செடியக் காலையில பாத்துக்கலாமே."

"செடியப் பாக்க இல்ல."

"பின்ன?"

"ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடாம இருக்கணும். அதுக்குத்தான் தினமும் போறேன். செடின்னு சொன்னாத்தான் விடறீங்க."

டிவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். புருஷன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு படியேறினாள். கதவைத் திறந்து வெளியே போய், மாடிப் பக்கம் இருந்த தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.