பாலத்தைத் தாங்கி நின்றவன்

பனியன் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில்தான் எங்கள் படக்கதைப் புத்தகம் பிறந்தது. திருப்பூர் காதர்பேட்டையிலிருந்து வெளியூர் போகும் பெட்டிகளின் மேல் கிளி, சிங்கம், தாமரை என்று பல வண்ணத்தில் படம் ஒட்டியிருக்கும். அவற்றை அடித்துக் கொடுத்த முதலாளிக்கு, வியாபாரம் மந்தமாகும் மழைக்காலத்தில் இயந்திரம் சும்மா நிற்பது பொறுக்கவில்லை. "புள்ளைங்க படிக்கற மாதிரி சண்டைக் கதை ஒண்ணு மாசாமாசம் போடலாமுங்களா" என்று என்னைக் கேட்டார். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு பனியன் கம்பெனியில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். லேபிள் வாங்கிவரப் போகும்போதெல்லாம் நான் படித்த துப்பறியும் கதைகளை அவருக்குச் சொல்லுவேன். அந்தத் தகுதி போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

படம் வரைய, லேபிள்களுக்குக் கிளியும் சிங்கமும் போட்டுக்கொண்டிருந்த பாய் இருந்தார். வார்த்தை குறைவு, கை வேகம். நான் கதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதிக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து வந்தாரென்றால் சாயங்காலத்துக்குள் நாலு பக்கம் மையில் நிற்கும்.

எங்கள் நாயகனுக்கு அட்டையில் பெரிய பெயர் ஒன்று உண்டு. நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொள்ளும்போது அவன் 'நம்ம ஆளு'தான். உடம்பை ஒட்டிய உடுப்பு, கண்ணை மறைத்த முகமூடி. எதையும் தூக்குவான். லாரி, யானை, கோயில் மணி, ரயில் பெட்டி, எதுவானாலும் சரி. அடி பட்டால் வலிக்காது, குண்டு பட்டால் தெறித்துவிடும்.

முதலில் புத்தகம் நன்றாகவே போயிற்று. நான்தான் மெல்ல மெல்ல மாட்டிக்கொண்டேன். ரயில் பெட்டியைத் தூக்கியவனுக்கு அடுத்த மாதம் கப்பலைக் கொடுக்க வேண்டியிருந்தது. கப்பலுக்குப் பிறகு மலை. மலைக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. எதிரிகள் வளர்ந்துகொண்டே போனார்கள். இவன் மட்டும் முதல் இதழில் எப்படி வந்து நின்றானோ அப்படியே நின்றான்.

ஒரு நாள் பாய் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. நம்ம ஆளு மூஞ்சிய ஒருக்கா வரைஞ்சு அச்சு செஞ்சு வெச்சுக்கலாமுங்க. எல்லாப் பக்கத்துலயும் அதையே அடிச்சுக்கலாம்."

"ஏன் பாய் அப்படிச் சொல்றீங்க?"

"மாறவே மாட்டேங்குதுங்க. சிரிப்பும் இல்ல, அழுகையும் இல்ல. என் சிங்கத்துக்காச்சும் கோவம் இருக்குது."

அது எனக்குச் சுட்டது. அடுத்த இதழில் அவனுக்குக் கொலையுண்ட அப்பாவைக் கொடுத்தேன். அதற்கடுத்த இதழில் ஒரு காதலி வந்தாள். எதிரி அவளைத் தூக்கிக்கொண்டு போனான், இவன் மீட்டு வந்தான். பாய் இரண்டையும் சொன்னபடி வரைந்துவிட்டு, "அப்பன் செத்தும் மூஞ்சி அதேதானுங்க இருக்குது" என்றார். முதலாளியிடமும் ஒரு யோசனை இருந்தது. "பறக்க உடுங்க. தூக்கறது, பறக்கறது, ரெண்டும் இருந்தா யாரு என்ன பண்ண முடியும்?" யாரும் எதுவும் பண்ண முடியாது என்பதுதான் என் கஷ்டமே என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

அந்த நேரத்தில்தான் ஓர் இதழை ஆபத்தான இடத்தில் நிறுத்தித் தொலைத்திருந்தேன். ஆற்றுப் பாலம் நடுவில் விரிசல் விடுகிறது. மேலே கல்யாணக் கூட்டம் வந்த பேருந்து. நம்ம ஆளு பாலத்துக்கு அடியில் ஓடிப்போய் நிற்கிறான். தொடரும். புத்தகம் கடைக்குப் போய்விட்டது. அடுத்து என்ன என்பது எனக்கே தெரியாது. தூக்குவான், அவ்வளவுதான். இதைத் தவிர அவனுக்கு வேறு என்ன தெரியும்?

அந்தக் கட்டத்தை மனதில் உருட்டிக்கொண்டேதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலனூர்ப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்குப் போனேன். அங்கே என் தம்பி விவசாயம் பார்த்தான். மழை பொய்த்து முருங்கை மரங்கள்கூட வாடியிருந்தன. கிணற்றை இன்னும் ஆழப்படுத்த ஆள் வைத்திருந்தான். சம்பள ஆட்களோடு அவனும் இறங்கி வெட்டுவான்.

நான் போய்ச் சேர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கிணற்றுப் பக்கம் மண் சரியும் சத்தம் கேட்டது. ஓடினேன். பக்கச் சுவரில் ஒரு பகுதி அப்படியே உள்ளே இறங்கியிருந்தது. மற்றவர்கள் கூடை தூக்க மேலே வந்திருக்கிறார்கள், தம்பி மட்டும் அடியில். புழுதி அடங்கிய பிறகு பார்த்தால் மார்பு வரைக்கும் மண்ணுக்குள் இருந்தான். தலையும் ஒரு கையும்தான் வெளியே. அவனுக்குப் பின்னால் ஒரு பாறை, சரிந்த மண்ணின் மேல் சாய்ந்து நின்றது.

இரண்டு பேர் உடனே வடக்கயிற்றை எடுத்து அவன் அக்குளில் கட்டி இழுக்கலாம் என்று இறங்கப் போனார்கள். கிணறு வெட்டும் மேஸ்திரி கையை விரித்து மறித்துக்கொண்டார். "இழுத்தீங்கன்னா மண்ணு நகரும். மண்ணு நகந்தா கல்லு அவரு மேலதான் வரும். மொதல்ல கல்லுக்கு முட்டுக் குடுக்கோணும். அப்புறம் கையில அள்ளி அள்ளித்தான் எடுக்கோணும். மம்பட்டி கூடாது." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க படியில போயி உக்காந்து பேச்சுக் குடுங்க. அவரு பயந்து திமிறாம இருக்கோணும். அது ஒண்ணுதான் உங்க வேலை."

கிணற்றின் ஓரத்தில் பாறையில் செதுக்கிய படிகளில் இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். கையை நீட்டினால் தம்பியின் விரல்கள் எட்டின. பிடித்துக்கொண்டேன். முகமெல்லாம் செம்மண். உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான், முடியவில்லை.

"எப்ப வந்தீங்கண்ணா?"

"இப்பத்தான் கண்ணு. பேசாம இரு. எடுத்துருவாங்க."

என்ன பேசுவது? அம்மா மேலே அழுதுகொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. வீட்டுப் பேச்சு வேண்டாம் என்று பட்டது. அவன்தான் ஆரம்பித்தான். டீக்கடையில் எங்கள் புத்தகத்தை முதலில் வாங்கிப் படிக்கிறவன் அவன்.

"பாலம் என்னாச்சுங்கண்ணா?"

"அதா... அடியில நின்னு தூக்கப் போறான்."

கொஞ்சம் யோசித்தான். மூச்சு விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. "தூக்குனா ஒரு பக்கம் சாஞ்சுரும்ல. பஸ்ஸு உழுந்துருமே."

அவன் சொன்னது சரி. அவனுக்குப் பின்னால் ஆட்கள் கட்டையை வைத்துப் பாறைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"தூக்க மாட்டான். தாங்கிட்டு நிப்பான். பஸ்ஸுக்குள்ள இருக்கறவங்க ஒவ்வொருத்தரா எறங்கி நடந்து போறவரைக்கும் அசையாம நிக்கோணும்."

"ரொம்ப நேரம் ஆகுமே."

"ஆகும். கெழடு கட்டைங்க இருக்குது, கொழந்தைங்க இருக்குது. பொண்ணு வேற பட்டுச்சீலை தடுக்கி மெதுவாத்தான் நடக்குது."

"கை வலிக்குமா அவனுக்கு?"

இதுவரைக்கும் வலித்ததே இல்லை. "வலிக்கும்" என்றேன்.

அவன் விரல்கள் என் கையை இறுக்கின. மண் கொஞ்சம் நகர்ந்து சரசரவென்று அவன் தோளில் விழுந்தது. மேஸ்திரி, "ஒண்ணுமில்லீங்க, அப்படியே இருங்க" என்றார். தம்பி கண்ணை மூடித் திறந்தான்.

"அவனுக்குப் பயமே வராதுங்களா அண்ணா?"

"வருது. இப்ப வருது. கால் நடுங்குது. நகந்தா எல்லாரும் உழுந்துருவாங்கன்னு தெரியும். அதனால பயத்தோடயே நிக்கறான்."

"யாருகிட்டயாச்சும் சொல்லுவானா?"

"சொல்லுவான். ஆத்துல துணி தொவைக்கற ஆளு ஒருத்தரு பக்கத்துல நிப்பாரு. அவருகிட்டச் சொல்லுவான்."

தம்பி மெதுவாக, "எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்கண்ணா" என்றான்.

"எனக்குந்தான் கண்ணு" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் மூச்சு கொஞ்சம் சீரானது. மேஸ்திரியும் ஆட்களும் தேங்காய்த் தொட்டியாலும் வெறும் கையாலும் மண்ணை அள்ளினார்கள். கூடை கூடையாக மேலே போயிற்று. நான் கல்யாணக் கூட்டத்தை ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா பெட்டியை எடுக்காமல் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். ஒரு பையன் நாய்க்குட்டிக்காகத் திரும்பிப் போனான். தம்பிக்குச் சித்தப்பா மேல் கோபம் வந்தது. "அந்த ஆளத் தள்ளி உடச் சொல்லுங்கண்ணா" என்றான். கிணற்றுக்குள் யாரோ சிரித்தார்கள். மேஸ்திரிதான் என்று நினைக்கிறேன்.

வெயில் சாய்வதற்குள் இடுப்பு வந்தது, முழங்கால் வந்தது. இரண்டு பேர் தூக்கிப் படியில் என் மடியில் போட்டார்கள். எல்லாரும் மேலே ஏறிய பிறகு முட்டுக் கட்டைகளைக் கயிறு கட்டி மேலிருந்தே இழுத்தார்கள். பாறை மெதுவாகச் சாய்ந்து, அவன் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. அம்மா எங்கள் இருவர் தலையிலும் மாறி மாறித் தண்ணீரை ஊற்றியது. தம்பிக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு, வேறு ஒன்றுமில்லை. தாராபுரத்தில் கட்டுப் போட்டுவிட்டு வரும்போது மாட்டு வண்டியில் படுத்துக்கொண்டு, பசிக்கிறது என்றான். அந்தச் சொல்லைக் கேட்டபோது வந்த நிம்மதி எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

திருப்பூருக்குத் திரும்பியதும் கிணற்றுக்குள் சொன்னதை அப்படியே கட்டம் கட்டி எழுதினேன். சித்தப்பாவையும் நாய்க்குட்டியையும்கூட விடவில்லை. பாய் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "கண்ணு முகமூடிக்குள்ள இருக்குதே. பயத்த எங்கீங்க காட்டறது?" என்று கேட்டார். நான் தம்பியின் உதட்டைப் பற்றிச் சொன்னேன். சிரிக்க முயன்று முடியாமல் போனதைச் சொன்னேன். பாய் காகிதத்தில் வாயை மட்டும் வரைந்து வரைந்து அழித்தார். பிறகு விரல்களை வரைந்தார், பாலத்தின் அடியில் பரந்து அழுந்திய விரல்கள். அப்புறம் வாய் தானாக வந்தது. அந்தப் பக்கத்தில் அவனுக்கு ஒரு வசனம் எழுதியிருந்தேன். படத்தைப் பார்த்ததும் அதை நீக்கிவிட்டேன்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "சண்டை எங்கீங்க? புத்தகம் பூரா ஒருத்தன் நின்னுட்டே இருக்கறான். எடுத்து வெச்சா யாரு வாங்குவா?"

"நிக்கறதுதானுங்க சண்டை" என்றேன்.

"அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த புத்தகத்துல ரெண்டு சண்டை வெக்கோணும். சரீன்னா அடிக்கறேன்."

சரி என்றேன். புத்தகம் கடைக்குப் போன வாரம் கம்பெனியில் பில்லைத் தப்பும் தவறுமாக எழுதினேன். என் பிடிவாதத்தால் முதலாளியின் புத்தகம் நின்றுவிட்டால் பாய்க்கும் வேலை குறையும் என்ற பயம் உள்ளே அரித்தது. அச்சகத்துப் பக்கம் போகாமலே இருந்தேன்.

முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். மேசை மேல் அந்த இதழ் விரித்துக் கிடந்தது. அவர் கணக்கு எதுவும் பேசவில்லை. "உக்காருங்க" என்றவர், ஏதோ யோசித்துவிட்டுக் கேட்டார்: "அடுத்ததுல இவனுக்குக் கைவலி சரியாயிருமுங்களா?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு சிங்கத்துக்குப் பிடரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது, சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"உடனே ஆகாதுங்க" என்றேன். "கொஞ்ச நாள் இருக்கும்."

"அதான் சரி" என்றார் முதலாளி. "அன்னைக்கு அப்படி நின்னவனுக்கு மறுநாளே சரியாச்சுன்னா யாருமே நம்ப மாட்டாங்க. புத்தகம் விக்கற கடைக்காரரும் அதத்தான் கேட்டாரு."

அதுவரை எனக்குப் புரியாமல் இருந்தது அங்கே உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. நான் அவனுக்கு அப்பா, காதலி என்று வெளியிலிருந்து பொருள்களைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இதழும் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழையபடி நிற்கவைத்தேன். நடந்தது அவனிடம் ஒட்டவே இல்லை. அதன்பிறகு ஒட்ட விட்டேன். கைவலி மூன்று இதழ் இருந்தது. சொன்னபடி இரண்டு சண்டை வைத்தேன். ஆனால் சண்டைக்கு முன் அவன் யாரையாவது கூப்பிட்டுக் கூட வரச் சொன்னான். துணி துவைக்கும் ஆள் அடிக்கடி வந்தார். எதிரிகள் சிறிதானார்கள், கதை சுலபமாக ஓடியது. மலைக்குப் பிறகு என்ன என்ற கவலை எனக்குத் திரும்ப வரவே இல்லை.

சில வருடம் கழித்து வெளிநாட்டு ஏற்றுமதி சூடு பிடித்து அச்சகத்தில் லேபிள் வேலை குவிந்தது. படக்கதைக்கு இயந்திரம் ஒழியவில்லை. நிறுத்திக்கொள்ளலாம் என்று மூன்று பேரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். கடைசி இதழில் ஊரைக் காப்பாற்றி உயிரை விடட்டும், நாலு பேர் அழுவார்கள் என்றார் முதலாளி. எனக்கு மனம் வரவில்லை. பாயும் கூடாது என்றார்.

கடைசிப் பக்கத்தில் முகமூடி இல்லாமல் சாதாரணச் சட்டையில் நெரிசலான டவுன் பஸ்ஸில் ஏறுகிறான். ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விடுகிறார். முதல் இதழில் என்றால், இவன் பஸ்ஸையே தோளில் வைத்துக்கொண்டு போயிருப்பான். இப்போது நன்றி சொல்லி உட்காருகிறான். பாய் அவன் முகத்தை அதற்காகப் புதிதாக வரைந்தார். களைத்த, நல்ல முகம். வரைந்து முடித்து மை காய்வதற்குள் டீ சொல்லிவிட்டு, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.